சமக்குறியில் தொடங்கும் சிக்கல்: தொடக்கப் பள்ளிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பள்ளிக்கு ஒவ்வோர் ஆண்டும் டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) படிக்கும் பிள்ளைகள் கற்பித்தல் பயிற்சிக்கு வருவார்கள். பாடக்குறிப்பு, சார்ட், மின்னட்டை எல்லாம் கச்சிதமாக இருக்கும். கணக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியதும், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பலகையில் எண்ணை மாற்றி எழுதுவது, வாய்ப்பாட்டில் தடுமாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகத் தாமாகச் சரியாகிவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் இயற்கணிதம் என்ற தலைப்பு ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில்தான் வருகிறது. 'அப்படியென்றால் அது நம்ம வேலை இல்லை' என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இருந்துவிடுகிறோம். எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போடுவது ஆறாம் வகுப்பில் வரட்டும், தப்பில்லை. ஆனால் இரண்டு எண்களுக்கு நடுவே என்ன உறவு என்று பார்ப்பதும், 'இது எல்லா எண்ணுக்கும் இப்படித்தானா?' என்று கேட்பதும் ஒன்றாம் வகுப்பிலேயே நடக்க வேண்டியவை. ஆறாம் வகுப்பு ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவதற்கு முக்கால்வாசிக் காரணம் நம் வகுப்பில்தான் இருக்கிறது.

சமக்குறியை 'விடை போடும் இடம்' ஆக்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

உங்கள் நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ இதை எழுதிப் போடுங்கள்: 8 + 4 = □ + 5. பெரும்பாலும் 12 என்று பதில் வரும். கொஞ்சம் சுறுசுறுப்பான பிள்ளை கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டி 17 என்பான். 7 என்று சொல்ல ஒருவர் கிடைத்தால் அன்று நல்ல நாள். இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் இதே கணக்கை ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றுதான் எழுதினார்கள்.

பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. நாம் காட்டியதைத்தான் கற்றுக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் பார்த்த கணக்கெல்லாம் ஒரே மாதிரி: இடப்பக்கம் வேலை, நடுவில் இரண்டு கோடு, வலப்பக்கம் விடை. கால்குலேட்டரில் அந்தப் பொத்தானை அழுத்தினாலும் விடைதான் வருகிறது. அப்புறம் அந்தக் குறியை 'இப்போது விடையைச் சொல்' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்வார்கள்? 1557-ல் இந்தக் குறியை முதன்முதலாக அச்சில் போட்ட ராபர்ட் ரெக்கார்ட், இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள்கள் வேறு இருக்க முடியாது என்றுதான் காரணம் சொன்னார். விடை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருமுறை ஒரு பயிற்சி ஆசிரியை திருத்தி வைத்திருந்த இரண்டாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினேன். ஒரு பையன் 9 = 4 + 5 என்று எழுதியிருந்தான். அதன் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. "ஏம்மா, இதில் என்ன தப்பு?" என்றேன். "தலைகீழா எழுதியிருக்கான் டீச்சர்" என்றாள். அந்த வகுப்பிலேயே சமக்குறியைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே பிள்ளை அவனாகத்தான் இருந்திருப்பான். அவனுக்குத்தான் தப்பு!

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. பேருந்தில் 15 பேர் இருந்தார்கள், 8 பேர் ஏறினார்கள், 6 பேர் இறங்கினார்கள். பலகையில் ஆசிரியரே எழுதுவார்: 15 + 8 = 23 − 6 = 17. விடை சரி. ஆனால் எழுதியிருப்பதைப் படித்தால் 15-உம் 8-உம் சேர்ந்தால் 17 என்றாகிறது. இப்படி ஓடிக்கொண்டே எழுதிப் பழகியவர்கள் உயர்நிலைப் பள்ளியில் 2x + 3 = 11 போன்ற சமன்பாட்டைத் தீர்க்கும்போது 11 = 8 = 4 என்று கூசாமல் எழுதுவார்கள். இரண்டு வரியாக எழுதுங்கள். சுண்ணக்கட்டி ஒன்றும் தீர்ந்துவிடாது.

சரி, என்ன செய்யலாம்? கணக்குப் போடச் சொல்லாமல் 'சரியா, தப்பா?' என்று மட்டும் கேளுங்கள். 6 = 6. 9 = 4 + 5. 3 + 5 = 5 + 3. 7 + 2 = 8 + 1. 7 + 2 = 9 + 1. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும், போடட்டும். '6 = 6 தப்பு, அதில் கணக்கே இல்லையே' என்று ஒரு குழந்தை கட்டாயம் சொல்லும். அங்கிருந்துதான் பாடம் தொடங்குகிறது. தினமும் ஐந்து நிமிடம் போதும், தனிப் பாடவேளை தேவையில்லை.

அது பிடிபட்டதும் எண்ணைப் பெரிதாக்குங்கள்: 38 + 47 = □ + 45. கூட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. 47 இரண்டு குறைந்து 45 ஆகிவிட்டது, அந்த இரண்டு இந்தப் பக்கம் வர வேண்டும், எனவே 40. எழுத்து ஒன்றுகூட வரவில்லை, ஆனாலும் இது இயற்கணிதம்தான். அடுத்து 52 − 28 = 54 − □. இப்போது நன்றாகப் படிக்கிற பிள்ளையும் 26 என்று விழும். கூட்டலில் பலித்தது இங்கேயும் பலிக்கும் என்ற நம்பிக்கை. அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். அம்மாவுக்கு 52 வயது, மகளுக்கு 28. அம்மாவுக்கு 54 ஆகும்போது மகளுக்கு எத்தனை என்று கேளுங்கள். 30 என்று அவர்களே சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

தராசு நல்ல உபகரணம்தான். ஹேங்கரில் இரண்டு டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டே செய்துவிடலாம். ஆனால் ஆண்டு முழுக்க அதையே பிடித்துத் தொங்க வேண்டாம். கூட்டலை அழகாகக் காட்டும் தராசு கழித்தலில் திணறும்.

எழுத்தைப் பொருளாக்குவது

'3மா + 2வா என்றால் மூன்று மாம்பழம், இரண்டு வாழைப்பழம். மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் கூட்ட முடியாது இல்லையா?' கேட்க இனிமையாக இருக்கும், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். அப்படியானால் மா பெருக்கல் வா என்ன? மாம்பழத்தை வாழைப்பழத்தால் பெருக்குவதா? எழுத்து நிற்பது ஓர் எண்ணுக்காக. 'ப' என்றால் பென்சில் இல்லை, ஒரு பென்சிலின் விலை.

ஓர் ஆசிரியருக்கு 6 மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள் என்பதை எழுதச் சொன்னால் 6ம = ஆ என்று எழுதத் தோன்றும். மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ என்றால் சரியானது ம = 6ஆ. 1980-களின் தொடக்கத்தில் இதை அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள்.

'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி

சொல்லிக்கொடுக்கவே கொடுக்காதீர்கள். 'கொஞ்சம் செலவழித்தாள், மீதி 15 ரூபாய், செலவு 20 ரூபாய், முதலில் எவ்வளவு இருந்தது?' என்று ஒரே ஒரு கணக்கு கொடுத்தால் போதும், இந்த வித்தை கவிழ்ந்துவிடும்.

அமைப்பில் 'அடுத்தது என்ன?' என்பதோடு நிறுத்துவது

4, 7, 10, 13... அடுத்தது 16. எல்லாரும் கை தட்டுவார்கள், பாடம் முடிந்துவிடும். மூன்று மூன்றாகக் கூட்டுகிற வேலையைத் தவிர வேறெதுவும் அங்கே நடக்கவில்லை. ஐம்பதாவது என்ன என்று கேட்டால்தான் குழந்தை நிமிர்ந்து உட்காரும்.

நான் கோலத்தை எடுத்துக்கொள்வேன். 7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி: 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தனை என்றால் எண்ணி 25 என்பார்கள். இப்போது கோல நோட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக் குறுக்காகப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு நான்காக நான்கு வரிசை, அவற்றின் நடுவே மூன்று மூன்றாக மூன்று வரிசை. 16 + 9. அப்படியானால் மார்கழியில் வாசலில் போடுகிற 15 புள்ளிக் கோலத்துக்கு? 64 + 49, ஆக 113. எண்ண வேண்டியதே இல்லை. 'எந்தக் கோலமானாலும் எப்படிக் கண்டுபிடிப்பாய்?' என்று கேளுங்கள். 'நடு வரிசையோட ஒண்ணைச் சேர்த்துப் பாதியாக்கணும்...' என்று ஒரு குழந்தை இழுக்கும்போது குறுக்கே பேசாமல் இருப்பது, நம் வேலையிலேயே கடினமான பகுதி.

நாலு எண்ணைப் போட்டுப் பார்த்து 'எப்போதும் வரும்' என்று முடிப்பது

இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும். பெரிய பெரிய எண்ணாகப் போட்டுப் பார்த்துவிட்டோம் என்பது காரணம் ஆகாது. புளியங்கொட்டைகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து வைத்தால் ஒவ்வொரு குவியலிலும் ஒன்று தனியாக நிற்கும். அந்த இரண்டும் சேர்ந்து ஒரு ஜோடி. மூன்றாம் வகுப்புக் குழந்தையால் இதைச் சொல்ல முடியும். நாம்தான் கேட்பதில்லை.

'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்'

சமக்குறியைத் தாண்டினால் கூட்டல் கழித்தலாகும் என்கிற இந்த வாக்கியம் ஐந்தாம் வகுப்புவரை வேண்டவே வேண்டாம்.

பெட்டிகளைக் கண்டபடி போடுவது

□ + □ = 10 என்று எழுதிவிட்டு, 3-உம் 7-உம் போட்ட குழந்தைக்கும் சரி போடுவது. ஒரு கணக்குக்குள் ஒரே வடிவம் வந்தால் ஒரே எண்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு வேறு எண்ணும் வரலாம் என்றால் □ + △ = 10. அப்போது 5-உம் 5-உம் எழுதலாமா என்று யாராவது கேட்பார்கள். எழுதலாம், வடிவம் வேறாக இருந்தாலும் எண் ஒன்றாக இருக்கத் தடையில்லை.