பழைய ஸ்டீரியோ ரிசீவரை வீட்டில பூட்டுறது எப்பிடி

திருத்தின பழைய ரிசீவர் (ரேடியோவும் அம்ப்ளிபயரும் ஒண்டா இருக்கிற செட்) கிடைச்ச உடன பிளக்கைக் குத்தாதேங்கோ, முதல்ல பின்பக்கத்தில எத்தினை வோல்ட் எண்டு பாருங்கோ, யப்பான் உள்ளூர் செட் எண்டா 100 வோல்ட், எங்கட லைன் 230, நேரா குடுத்தா எரிஞ்சு போகும், வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் கட்டாயம் வேணும். ஸ்பீக்கர் வயரை செட்டை நிப்பாட்டிப்போட்டுத்தான் பூட்டோணும், சிவப்புக்கு சிவப்பு கறுப்புக்குக் கறுப்பு, ஒண்டு மாறினாலும் பேஸ், அதுதான் அடித்தொனி, மெலிஞ்சிடும், கம்பியில ஒரு இழைகூட பக்கத்து முனையில முட்டக்கூடாது.

திருகோணமலையில உவர்மலை, திருக்கடலூர்ப் பக்கம் உப்புக்காத்து, அதால வொலியூம் குமிழைத் திருப்பேக்க கரகரக்கும். கரண்டைக் கழட்டிப்போட்டு கொண்டாக்ட் கிளீனர் (மின் முனைகளைத் துப்புரவாக்கிற ஸ்பிரே) கொஞ்சமா அடிச்சு, இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நல்லாத் திருப்புங்கோ, காய்ஞ்ச பிறகு போட்டுக் கேளுங்கோ, பாட்டு எவ்வளவு தெளிவா வருது எண்டு! துருவுக்கு அடிக்கிற எண்ணெய் மட்டும் வேண்டாம். மேல துணி விரிக்காதேங்கோ, சூடு வெளிய போகோணும்.