கடை போர்டுக்குப் பழைய பாணி தடி எழுத்து

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி நெரிசலான தெருவில் ஆங்கிலப் பெயரைப் பழைய பாணியில் வைக்க, 1922-ல் வந்த கூப்பர் பிளாக் ஃபான்ட்டை நம்பி எடுக்கலாம். செரிஃப், அதாவது எழுத்துக் கோடுகளின் நுனியில் நீளும் சிறு முனைகள், உருண்டிருப்பதால் அக்ரிலிக் கட்டிங்கிலும் நிற்கும். அப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற ஃபான்ட் இலவசம், அழகும்கூட. ஆனால் மெல்லிய கோடுகள் எதிர்ச்சாரியிலிருந்து தெரியாது. ஆங்கிலச் சின்ன ‘e’யின் குறுக்குக்கோடு மறைந்து ‘c’ ஆகிவிடும். உள்ளே மாட்டும் போர்டுக்கு மட்டும் அது சரி.

உயரம்: 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். 30 அடி ரோடு என்றால் 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

எழுத்தைச் சுற்றி அவுட்லைன் (ஓரக்கோடு) கேட்டால் அது எழுத்துக்குப் பின்னால் போகும்படி வையுங்கள். முன்னால் வந்தால் ஆங்கில ‘a’, ‘e’யின் உள் ஓட்டை அடைத்துக்கொள்ளும்.

தமிழுக்கு பலூ தம்பி ஃபான்ட் நன்றாகச் சேரும். மேலே புள்ளி, கீழே சுழி என்று தமிழ் இடம் கேட்கும், வரி இடைவெளியைக் கூட்டுங்கள். ஆங்கிலத்தில் ‘A’, ‘V’ பக்கத்தில் வந்தால் இடைவெளியைக் கையால் நெருக்குங்கள்.

பிரஸ்ஸுக்கு அனுப்புமுன் கோரல் டிரா டிசைன் சாஃப்ட்வேரில் கன்ட்ரோல்-க்யூ அழுத்தி எழுத்தை கர்வ்ஸ் (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்குங்கள். இல்லாவிட்டால் அங்கே ஃபான்ட் மாறி, தமிழ் கட்டம் கட்டமாக வரும். திருத்தத்துக்கு மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.