தோள்பட்டை ஜவ்வு ஆபரேஷனா? சுகர், தைராய்டு, விட்டமின் டி பக்கமும் பாருங்கள்

மதுரையில் பிசியோதெரபி பார்க்கிறேன். தோள்பட்டை ஜவ்வு தைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கையைத் தூக்கப் பழக்குவதிலேயே என் நாளில் பாதி போய்விடும். பெயின்டர்கள், மாவு மில் வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், அறுபதைத் தொடும் அம்மாக்கள். எல்லோரும் எம்.ஆர்.ஐ. படத்தை நீட்டுவார்கள். நான் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்பேன். "கைக்கும் சுகருக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்பார்கள்.

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள். அவற்றின் நுனி ஜவ்வு மேற்கை எலும்பின் தலையில் பிடித்திருக்கிறது. அது பிய்ந்தால் சர்ஜன் எலும்பில் ஆங்கர் என்ற சின்ன முளையை இறக்கி, நூலால் இழுத்துக் கட்டுவார். நாற்றை ஊன்றுவது வரைதான் அவர் வேலை, வேர் பிடிப்பது உங்கள் உடம்பின் பாடு. சுகர் நெடுநாள் ஏறியே இருந்தால் அது ஜவ்வின் கொலாஜன் என்ற புரத இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கும். நுண்ணிய ரத்த ஓட்டமும் குறையும். சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தோள் இறுகிப்போவதும், புண்ணில் கிருமி சேர்வதும், தைத்த இடம் மறுபடி பிரிவதும் அதிகம்.

எனவே தேதி வாங்குவதற்கு முன்பே எச்பிஏ1சி பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. எட்டைத் தாண்டினால் பல சர்ஜன்கள் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். வயதாகி, தேய்ந்து, மெல்லக் கிழிந்த ஜவ்வு என்றால் அந்தக் காத்திருப்பில் பெரிய நஷ்டம் இல்லை. வண்டியிலிருந்து விழுந்து, அன்றைக்கே கை தூக்க முடியாமல் போனவர்கள் கதை வேறு. அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தால் ஜவ்வு உள்ளிழுத்துக்கொள்ளும், தசையில் கொழுப்பு படியும். அப்புறம் தைப்பதே கஷ்டம். அவர்களுக்கு இன்சுலின் போட்டு தினசரி சுகரை இறக்கி, சில வாரங்களிலேயே செய்துவிடுவார்கள். நீங்கள் எந்த ரகம் என்று சர்ஜனிடமே கேளுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி ஏமாற்றும், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

மாத்திரைகளின் பெயரை வாயால் சொல்வதோடு விடாமல், பட்டையோடு எடுத்துப் போய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். சுகர் அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அதில் உண்டு. வாரம் ஒருமுறை போடும் எடை குறைப்பு ஊசி இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், வயிறு காலியாவதை அது தாமதப்படுத்தும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வலிக்காகத் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கிருமித்தொற்று வாய்ப்பு கூடும். அந்த ஊசி சில நாட்களுக்குச் சுகரையும் ஏற்றிவிடும். "ஊசி போட்டதிலிருந்து சுகர் முன்னூறு" என்று பதறி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தைராய்டு குறைவுக்கும் தோள் இறுகுவதற்கும் நெருக்கம் உண்டு. தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்த்து வெகு நாளாகியிருந்தால் பார்த்துவிடுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது பொறுங்கள். எலும்புக்குத் தரும் கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளித்தான். முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற விட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும், ரிப்போர்ட் தப்பாக வரும்.

விட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. வெயில் கொளுத்துகிற ஊரில் இருந்துகொண்டே பலருக்கு இது குறைவு. குறைந்தவர்களுக்குத் தையல் பிரிவது அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரை போட்டால் அது தடுக்கப்படும் என்பதற்கு இன்னும் உறுதியான நிரூபணம் இல்லை. ஆனாலும் எலும்புக்காகவாவது சரிசெய்வது நல்லது. ஒரு எச்சரிக்கை: 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று. தினமும் போட்டுவிட்டு, கால்சியம் ஏறி, வாந்தியோடு அட்மிட் ஆகிறவர்கள் உண்டு.

மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்தி பற்றியும் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு மெலியும், ஆங்கர் அந்த எலும்பைத்தானே நம்பியிருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரையை இடையில் விட்டவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடருங்கள். பீடி சிகரெட்டை நான்கு வாரம் முன்பாவது விட்டுவிட வேண்டும். இதில் நான் யாரிடமும் பேரம் பேசுவதில்லை.

சரி, ஆபரேஷன் முடிந்து, கையைத் தாங்கும் தொட்டில் கட்டான ஸ்லிங் போட்டு அனுப்பிவிட்டார்கள். நான்கு முதல் ஆறு வாரம் கை அந்தக் கட்டுக்குள்ளேயே இருக்கும். சுகர் தறிகெட்டுப் போவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். வலது கை கட்டுக்குள் என்றால் இடது கையில் ஸ்பூன். அப்போது வீட்டில் என்ன வரும்? கஞ்சி, ரவா உப்புமா, தயிர்சாதம். அள்ளச் சுலபம், ஆனால் எல்லாம் மாவுச்சத்து. பார்க்க வருகிறவர்கள் வேறு ஹார்லிக்ஸும் ஆப்பிளும் ரஸ்க்கும் கொண்டுவருவார்கள். ஸ்பூனில் அள்ளக்கூடிய வேறு உணவுகளை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: குழைய வேகவைத்த கொண்டைக்கடலை, முட்டைப் பொடிமாஸ், முள் எடுத்த மீன், பனீர், கெட்டித் தயிர். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 70 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

குளுக்கோமீட்டரை ஒரு கையால் கையாள்வது லேசு இல்லை. ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே கையைத் துண்டால் கட்டிக்கொண்டு பழகிப் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் தொடைகளுக்கு இடையில் வைத்துத் திறக்கலாம். ஸ்லிங்கில் இருக்கும் கையின் விரலில் குத்தலாம், தோள் அசையக் கூடாது, அவ்வளவுதான். இன்சுலின் பேனாவை வயிற்றில் ஒரு கையாலேயே போட்டுவிடலாம், ஊசி மாற்ற மட்டும் ஆள் வேண்டும். ஆபரேஷன் செய்த கையில் போட வேண்டாம்.

முதல் இரண்டு நாள் வலியிலும் வாந்தியிலும் சாப்பாடு இறங்காது. கிளிமெபிரைடு போன்ற சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சுகர் இறங்கி வியர்க்கும், நடுங்கும். தலைமாட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். சாப்பிட முடியாத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடப்பதற்குத் தடை இல்லை. சாப்பிட்டபின் பத்து நிமிடம் மொட்டை மாடியிலோ கூடத்திலோ நடந்தாலே சுகர் கொஞ்சம் அடங்கும். தெருவில் நாய் துரத்தும் இடமாக இருந்தால் வேண்டாம், ஒருமுறை விழுந்தால் தையல் போச்சு.

அக்குளைக் கவனியுங்கள். நம் ஊர் வியர்வைக்கு, மூடியே கிடக்கும் அக்குளில் சுகர்காரர்களுக்குச் சீக்கிரம் படை வந்துவிடும். உங்கள் பிசியோ அனுமதித்ததும் முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். பவுடரை அப்ப வேண்டாம், தையல் பக்கம் போகும். காய்ச்சல், புண்ணில் நீர் கசிவு, குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது, காரணம் தெரியாமல் சுகர் 250க்கு மேலேயே நிற்பது என எது நடந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே சர்ஜனுக்குப் போன் போடுங்கள்.