மேய்ச்சல் நிலத்தில் மீண்டெழும் காட்டுக்குக் கார்பன் அலகு பெறுவது எப்படி: நியூசிலாந்து நடைமுறை

நியூசிலாந்தின் மலைச்சரிவுப் பண்ணைகளில், ஆடுமாடுகளின் வாய்க்கு எட்டாத இடங்களில் மனுகா, கனுகா என்னும் அந்நாட்டுப் புதர்மரங்கள் தாமாகவே முளைத்தெழுகின்றன. அந்தப் புதரைக் காடாக வளரவிட்டால், அந்நாட்டின் உமிழ்வு வணிகத் திட்டத்தின்கீழ் (கரியமில வாயுவை வெளியிடும் நிறுவனங்கள் அதற்கு ஈடாக அலகுகளை ஒப்படைக்க வேண்டிய திட்டம்) அது ஈர்த்து வைக்கும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஓர் அலகு வீதம் அரசிடமிருந்து பெற்றுச் சந்தையில் விற்கலாம்.

வேலிக்குக் கம்பி வாங்குவதற்கு முன்பே பழைய வான்வழிப் படங்களைத் தேடி எடுங்கள். 1989 டிசம்பர் 31 அன்று அந்த நிலம் காடாக இருந்ததா என்பதே முதற்கேள்வி. அன்று தொட்டுக் காடாகவே நிற்கும் நிலத்துக்கு, அதை எவ்வளவு அக்கறையோடு காத்தாலும், அலகு கிடையாது. பாட்டன் காலத்துக் காட்டை வெட்டாமல் வைத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை, வெட்டி மேய்த்தவரின் வாரிசுக்கு வருமானம் என்பது நியாயமாகப் படவில்லைதான். ஆனால் புதிதாகச் சேரும் கார்பன் மட்டுமே இங்கே கணக்கில் வருகிறது. முதிய காட்டை வைத்திருப்பவர்கள், 1977-இல் தொடங்கப்பட்ட இரண்டாம் எலிசபெத் ராணி தேசிய அறக்கட்டளையோடு, தனியார் நிலத்து இயற்கையைக் காக்கும் உடன்படிக்கை செய்துகொள்வதைப் பற்றி விசாரிக்கலாம். வேலிச் செலவில் ஒரு பங்கு கிடைக்கக்கூடும்.

பரப்பு ஒரு ஹெக்டேருக்கும், சராசரி அகலம் 30 மீட்டருக்கும் குறையக் கூடாது. ஒவ்வொரு ஹெக்டேரிலும் 30 விழுக்காட்டுக்கு மேல் மர விதானம் (மேலே விரியும் இலைக்கூரை) மூடும் வாய்ப்பு இருக்க வேண்டும். மரங்கள் முதிரும்போது, அவை நிற்கும் அதே இடத்தில், 5 மீட்டர் உயரத்தை எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்: காற்று அறையும் கடலோர மேட்டில் மனுகா அந்த உயரத்தைத் தொடாமலே நின்றுவிடலாம்.

நிலம் தேறினால் ஆடுமாடுகளை முழுவதுமாக வெளியேற்றி வேலியடையுங்கள். வேலி பாதி வேலைதான். காட்டாடு, மான், போசம் என்னும் மரமேறும் சிறுவிலங்கு ஆகியவை இளங்கன்றுகளைக் கொறித்துக்கொண்டே இருக்கும் என்பதால், அவற்றைக் கட்டுப்படுத்தும் செலவையும் ஆண்டுதோறும் ஒதுக்கி வையுங்கள்.

பிறகு எல்லைகளை வரைபடமாக்கி, முதன்மைத் தொழில்கள் அமைச்சகத்திடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெட்டும் எண்ணமே இல்லாதவர்களுக்கு 2023-இல் நடைமுறைக்கு வந்த நிரந்தரக் காட்டு வகை பொருந்தும். அதில் 50 ஆண்டுகளுக்கு ஒட்டுமொத்தமாக வெட்ட முடியாது. பதிவான பரப்பு மொத்தம் 100 ஹெக்டேருக்குக் குறைவாயின் அரசின் ஆயத்த அட்டவணைப்படி கணக்கிடுவார்கள். அதற்கு மேற்பட்டால் களத்தில் மரங்களை அளந்தாக வேண்டும்.

அந்த அட்டவணையில் இயற்கைக் காட்டுக்கு முதல் 10 ஆண்டுகளில் ஹெக்டேருக்குச் சுமார் 40 டன் கரியமில வாயுவும், 50 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 323 டன்னும் வரும். தோட்டமாக நடப்படும் அயல்நாட்டு மரமான ரேடியேட்டா பைன் இதைவிடப் பன்மடங்கு விரைவாகச் சேர்க்கும். ஆகவே தொடக்க ஆண்டுகளின் வரவை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கிடைத்த அலகுகள் அனைத்தையும் விற்றுவிடவும் வேண்டாம். காட்டை அழித்தாலோ பதிவிலிருந்து விலக்கிக்கொண்டாலோ பெற்றவற்றை அரசிடம் திருப்பி ஒப்படைக்க நேரும், அப்போது சந்தை விலை எங்கே நிற்கும் என்று எவராலும் கூற இயலாது. நிலத்தை விற்றால் இந்தக் கடப்பாடும் வாங்குபவரோடு சேர்ந்து செல்லும் என்பதால், விலை பேசும்போதே அதை வழக்கறிஞரிடம் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.