ரோமானியரைப் படிக்க மிளகிலிருந்து தொடங்குங்கள்

மும்பை மஸ்ஜித் பந்தரில் ஒரு மசாலா மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் போய்வருகிற நேரம்தான் நான் படிக்கிற நேரம். பழைய ரோமானியர்களை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியை.

அவருடைய 'இயற்கை வரலாறு' 37 புத்தகம். வரிசையாகப் போகாதீர்கள், மூச்சு வாங்கும். முதல் புத்தகம் முழுக்கப் பொருளடக்கம்தான். எந்தெந்த ஆசிரியர்களிடமிருந்து எடுத்தார் என்ற பட்டியலும் அதிலேயே உண்டு. அதில் உங்கள் தொழிலைத் தேடுங்கள். தேனீ, திராட்சை, தங்கம், சாயம், எல்லாம் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம்.

நான் தேடியது மிளகு. 12-ஆம் புத்தகத்தில் வருகிறது. ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. குர்லா தாண்டும்போது அந்த வரியைப் படித்தேன். அன்று சாயங்காலம்தான் அதே மூன்று சரக்கையும் பேரேட்டில் ஏற்றிவிட்டு வந்திருந்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. காரம் ஒன்றுக்காக இந்தியாவரைக்கும் போகிறோமே என்று அவர் ஆற்றாமைப்படுகிறார். மூன்றும் ஒரே மரத்துக் காய் என்கிறார். அது தவறு, திப்பிலி வேறு கொடி. இப்படி உங்களுக்குத் தெரிந்த சரக்கில் அவரை உரசிப் பாருங்கள். எங்கே நேரில் கண்டு எழுதுகிறார், எங்கே கேள்விப்பட்டதை எழுதுகிறார் என்பது பிடிபடும்.

அடுத்து 6-ஆம் புத்தகம். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (தினாரியில் கால் பங்கு மதிப்புள்ள காசு) குறையாமல் இந்தியாவுக்குப் போகிறது என்று கணக்குச் சொல்கிறார். சேரநாட்டுத் துறைமுகமான முசிறியில் கப்பல் கரைக்கு வராது, சரக்கைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும், பக்கத்திலேயே கடற்கொள்ளையர் என்கிறார். அதைப் படித்த கையோடு அகநானூறு 149-ஐ எடுத்து, யவனர் கலம், அதாவது கிரேக்க, ரோமானியர் கப்பல், 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்ற அடியைப் பக்கத்தில் வையுங்கள். கறி என்றால் மிளகு. அங்கே பற்று எழுதியது இங்கே வரவாகியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க நம்மைவிடத் தோதான ஆள் யார்?

ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். விலை, ஊர், அளவு மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவருடைய சகோதரி மகன், இளைய பிளினி. கி.பி. 79-இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாமா இறந்ததை வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதமாக எழுதினார். பைன் மரம்போல் எழுந்த புகையை அவர் விவரித்த விதத்தால்தான், அப்படிப்பட்ட எரிமலை வெடிப்பை இன்றும் 'பிளினியன்' என்கிறார்கள். செம்பூரில் ஏறினால் வடாலா வருவதற்குள் அந்தக் கடிதத்தை முடித்துவிடலாம்.