தளம் மாறும்போது தடுமாறும் இடங்கள்

ஒரு தளம் விதியை மாற்றுகிறது, அல்லது திடீரென்று காசு கேட்கிறது, அல்லது கடையையே மூடப்போவதாகச் சொல்கிறது. உடனே குழுவில் வரும் முதல் கேள்வி, "சரி, இனி எங்கே போகலாம்?" பத்து நிமிடத்தில் ஆறு பேர் ஆறு செயலிகளின் பெயரைச் சொல்லி முடித்திருப்பார்கள். ஒரு சின்னக் குழுவுக்குப் பல வருடம் அட்மினாக இருந்து, இரண்டு முறை மொத்தப் பேரையும் இடம் மாற்றியவன் நான். சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. எங்கே போவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை எடுத்துக்கொண்டு போகிறோம், யாரெல்லாம் கூட வருவார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முதல் தவறு, அறிவிப்பை முழுசாகப் படிக்காமல் கோபப்படுவது. மூடுவிழா அறிவிப்புகளில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகள் இருக்கும். புதிதாக எதையும் போட முடியாத நாள் ஒன்று, பழையதை இறக்கிக்கொள்ளக் கடைசி நாள் ஒன்று, எல்லாம் அழியும் நாள் ஒன்று. யாஹூ குழுமங்கள் அப்படித்தான் போயின. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே பதிவேற்றம் நின்றது. பழைய மடல்களை டிசம்பர் 14 அழிக்கப்போவதாகச் சொன்னார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் 2020 ஜனவரி 31 வரை கெடு கொடுத்தார்கள். ஆனால் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதி மட்டும் 2020 டிசம்பர் 15 வரை ஓடியது. மடல்தான் வந்துகொண்டிருக்கிறதே என்று இருந்தவர்களுக்குப் பழைய மடல்கள் போனதே தாமதமாகத்தான் தெரிந்திருக்கும். 2025 ஜூலை 8 நிறுத்தப்பட்ட பாக்கெட் செயலியிலும் சேவை நின்ற தேதி வேறு, சேமித்த இணைப்புகளை எடுக்கக் கடைசித் தேதி வேறு.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முதல் முறை இடம் மாறியபோது உறுப்பினர் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலாக, இறக்கினேன். நானூறு பேருக்கு மேல். கோப்பு வந்தது, ஃபோல்டரில் போட்டேன், "பேக்அப் எடுத்தாச்சு" என்று குழுவில் பெருமையாக எழுதியும் விட்டேன். மூன்று வாரம் கழித்து எக்செலில் டபுள் கிளிக் செய்து திறந்தால், தமிழில் இருந்த ஒரு பெயரும் பெயராக இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுபடி ஏ, மறுபடி வட்டத்துக்குள் ஆர். வரிக்கு வரி இதே.

கோப்பில் குற்றமில்லை. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் அது இருந்தது. எக்செல் அதை வேறொன்றாக நினைத்துத் திறந்துவிட்டது. டபுள் கிளிக் செய்யாமல், டேட்டா மெனு வழியாக டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி கோப்பு என்று உள்ளே கொண்டுவந்து, '65001 யூனிகோட் யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாக வந்துவிடும். அந்தக் கோலத்திலேயே சேமித்திருந்தால் மீட்பது பெரும்பாடாகியிருக்கும். ஆனால் உண்மையான அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். பெயர்கள் சரியானதும் பார்க்கிறேன், மின்னஞ்சல் பத்தியே இல்லை. அந்தத் தளம் பெயரையும் சேர்ந்த தேதியையும் மட்டும் தந்திருக்கிறது. அதற்குள் பழைய இடத்தைப் பூட்டியும் விட்டார்கள். பேக்அப் எடுத்த அன்றைக்கே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால், உள்ளே இருக்கும்போதே எல்லோரிடமும் முகவரி கேட்டு வாங்கியிருக்கலாம்.

ஃபேஸ்புக்கில் நம் டேட்டாவை இறக்கப் போனால் எச்டிஎம்எல்லா (உலாவியில் திறந்து படிக்கும் வடிவம்), ஜேசனா (நிரல்கள் படிக்கும் வடிவம்) என்று கேட்கும். படித்துப் பார்க்கத்தான் என்றால் எச்டிஎம்எல் எடுங்கள். ஜேசனில் தமிழ் சிதைந்து வருவது பலரும் பட்ட பாடு. நிரல் எழுதத் தெரிந்தவர் இருந்தால் சரிசெய்யலாம், அவ்வளவுதான்.

படங்களைத் தனியாகப் பாருங்கள். நம் பதிவில் தெரியும் படம் நம் பதிவோடுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். 2017இல் ஃபோட்டோபக்கெட், தன்னிடம் ஏற்றிய படங்களை வேறு தளங்களில் காட்ட வேண்டுமென்றால் வருடத்துக்கு 399.99 டாலர் கட்டு என்றது. பல வருட உரையாடல்களில் படம் இருந்த இடத்திலெல்லாம் பணம் கேட்கும் அட்டை தொங்கியது. எழுத்து அப்படியே இருந்தது. "மேலே உள்ள படத்தில் காட்டியபடி" என்ற வரிகளும்தான்.

சரி, கிளம்பியாயிற்று. இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் உடைகின்றன. புது இடத்தைத் திறந்துவிட்டுப் பழையதையும் ஓடவிடுவார்கள். நடுவில் "தற்காலிகமாக" ஒரு வாட்ஸ்அப் குழு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கேள்வி ஓரிடத்தில் வரும், பதில் தெரிந்தவர் இன்னோரிடத்தில் இருப்பார். ஒரு தேதி குறித்து, அன்றோடு பழைய இடத்தில் படிக்க மட்டும் முடியும் என்று ஆக்கிவிடுவதுதான் நல்லது. எழுதவே எழுதாமல் எல்லாவற்றையும் படிக்கும் ஆட்கள் எந்தக் குழுவிலும் நிறைய. பொது அறிவிப்பு அவர்கள் கண்ணில் பட்டதா என்று தெரியவே தெரியாது. அவர்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும். சலிப்பான வேலை, குறுக்குவழி கிடையாது.

தனியாகக் கிளம்புவது இன்னும் மோசம். 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியபோது கோபத்தில், ட்விட்டர் போலவே ஆனால் பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கிய பலருக்கு எதிரே வெறும் சுவர்தான் இருந்தது. மாஸ்டடானுக்குள்ளேயே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால்கூடப் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. ட்விட்டரிலிருந்து போனவருக்கு இரண்டுமே இல்லை. 2010 ஆகஸ்டில், இணைப்புகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் டிக் தளம் முகத்தை மாற்றியபோது அங்கிருந்து அதே போன்ற ரெடிட்டுக்குப் போனவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அதே ரெடிட் 2023இல் ஏபிஐ (வெளிச் செயலிகள் தளத்தோடு பேசும் வழி) பயன்பாட்டுக்குக் கட்டணம் அறிவிக்க, ரெடிட்டைப் படிக்கப் பலரும் விரும்பிப் பயன்படுத்திய அப்போலோ என்ற வெளிச் செயலி ஜூன் 30 அன்று மூடியது. ஓடிப்போய்ச் சேர்ந்த இடமும் மாறும். அதனால் "இதுதான் கடைசி, இனி மாற வேண்டியதில்லை" என்று யாராவது குழுவில் எழுதினால் நான் பதில் சொல்வதில்லை.

அரட்டைச் செயலியை அலமாரியாக நினைப்பதும் தவறு. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் செய்திகள் மட்டும்தான் தெரியும். டிஸ்கார்டில் பேசுவது எதுவும் தேடுபொறியில் வருவதில்லை. நல்ல விளக்கம் ஒன்று அரட்டையில் வந்தால், யாராவது அதை எடுத்து ஒரு பொதுவான ஆவணத்தில் போட வேண்டும். எங்கள் குழுவில் அதற்கென்றே ஒருவர் இருக்கிறார், பொறுமைசாலி.

செயலி தேர்ந்தெடுக்கும்போது வசதிப் பட்டியலைப் பார்த்து மயங்குகிறோம். எவர்நோட்டின் இலவசத் திட்டம் 2023 டிசம்பரில் 50 குறிப்புகளுக்கும் ஒரே ஒரு நோட்புக்குக்கும் சுருங்கியது. ஆயிரக்கணக்கில் எழுதி வைத்த பிறகு வெளியேறும் வழி தேடுவது எவ்வளவு பாடு! பத்துக் குறிப்பு எழுதியதுமே அவற்றை வெளியே எடுத்து, வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். தேதி வந்ததா, படம் வந்ததா, தமிழ் வந்ததா? அரைமணி நேர வேலை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, வெறும் ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குழுவுக்கான செயலியைக் கணினியில் ஆர்வம் அதிகம் உள்ளவரே தேர்ந்தெடுப்பார், அவருக்குப் பிடித்தது மற்றவர்களுக்குப் புரியாது. கணினி என்றாலே கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே விரலை நிறுத்துகிறாரோ அங்கேதான் பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள். திறமூலம் (நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம்) என்றால் பிரச்சினையே வராது, காசு கட்டினால் மூட மாட்டார்கள் என்பதெல்லாம் நம்பிக்கைதான். காசு வாங்கிய ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடியது. திறமூலச் செயலியை நாமே நடத்தினால் ராத்திரி சர்வர் படுத்தாலும் நாம்தான் எழுந்திருக்க வேண்டும்.

எல்லாச் சாவியும் ஒரே ஆளிடம் இருப்பதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஆட்களே சிரிப்பார்கள். இரண்டாவது முறை மாறியபோது அட்மின் கணக்கின் இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடு என் ஒரே போனில் இருந்தது. அந்த வாரம் பார்த்துப் போன் தண்ணீரில் விழுந்தது. மீட்புக் குறியீடுகள் எங்கே என்றால், அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக. நல்லவேளை, வீட்டுக் கணினியில் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. அதை அணைக்காமலேயே இன்னும் இரண்டு பேரை அட்மினாக்கினேன். குறியீடுகளைத் தாளில் அச்சடித்து இருவரிடமும் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்குகிறோம், இறக்கியவுடன் திறந்தும் பார்க்கிறோம், மின்னஞ்சல் பத்தியோடு. முதல் பட்டியலில் வெறும் பெயராக நின்றவர்களில் இருநூற்று எழுபது பேரைத்தான் இதுவரை கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது.