ஒகேனக்கல் போகும் முன் நீர்வரத்தைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து தருமபுரிக்கு வரும் நம்மவர்கள் பலர், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறார்கள். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி உபரிநீரைத் திறந்துவிட்டால், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லுக்கு வெள்ளம் வந்து சேரும். உடனே, குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். டொரண்டோவிலிருந்து வந்த என் அக்கா குடும்பம் ஓர் ஆடி மாதம் வேன் பிடித்துப் போய், கரையில் நின்று செந்நிற வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வாடிப்போன பிள்ளைகளின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே ஒரே நாளை நம்பியிருக்காமல் இரண்டு மூன்று நாட்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி, கூடுகிறதா குறைகிறதா, தடை உண்டா என்பதை முதல் நாளும் புறப்படும் காலையும் செய்திகளில் பாருங்கள். ஆடிப்பெருக்கன்று நீராட வரும் கூட்டம் மிக அதிகம். வயதானவர்களை அன்று அழைத்துப் போக வேண்டாம்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர். நேரடிப் பேருந்துகள் உண்டு. காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பென்னாகரத்துக்குப் பிறகு மலைப்பாதை. வளைவுகளில் குமட்டல் வரும் பிள்ளைகளுக்கு முன் இருக்கை பிடித்துக் கொடுங்கள். வழியில் குரங்குகள் அதிகம், தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். பாஸ்போர்ட்டை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். சில்லறை நோட்டுகள் தேவைப்படும்.

பரிசல் என்பது மூங்கில் பின்னிய வட்டக் கூடை. முன்பு அடியில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. சாய்ந்து உட்கார இருக்கை கிடையாது. தாழ்வாக, காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவையும் அப்பாவையும் கட்டாயப்படுத்தாதீர்கள். தொங்கு பாலத்திலிருந்தே அருவியின் அழகை நன்றாகப் பார்க்கலாம். டிக்கெட்டைக் கவுண்டரில் மட்டுமே வாங்குங்கள். உயிர்காக்கும் சட்டையின் எல்லா வார்களையும் இறுக்கிக் கட்டுங்கள். பிள்ளைகளுக்கு அளவு பெரிதாக இருந்தால் மாற்றிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். பரிசலில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. வெளிநாட்டு நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: இங்கே பாறைக்கு அடியில் சுழல் உண்டு, குதிக்கவே கூடாது.

மாற்றுடை, துண்டு, வழுக்காத செருப்பு, கைப்பேசிக்கு நீர் புகாத உறை போதும்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்து, வறுத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். பரிசலில் ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசி, காரம் குறைவாகப் போடச் சொல்லி மீனைக் கொடுத்துவிடுங்கள். நனைந்து பசியோடு கரையேறும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.